மூத்தவளின் மாலைப் பொழுது



சிறு பிள்ளைகளிடம் தொழுகைப் பழக்கத்தை உண்டாக்குவது பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தேன். அதனைப் படித்த சகோதரி ஒருவர் நான்கு பக்க அளவில் கடிதம் ஒன்று வரைந்திருக்கிறார். ஊரையும் பெயரையும் வெளியிட வேண்டாமெனக் கேட்டுக் கொண்டிருப்பதால் அவற்றை விடுத்துச் செய்தியை மட்டும் உங்கள் முன் வைக்கிறேன்.

அவருக்கு மக்கள் மூவர். மூத்தவளுக்குப் பதினொரு வயது. ஆறாம் வகுப்பில் படிக்கிறாள். அடுத்தவன் ஒன்பது வயதுச் சிறுவன். கடைக்குட்டிப் பெண்ணுக்கு ஆறு வயது. மூத்தவள் ஓராண்டுக்கு முன்புவரை இருக்குமிடம் தெரியாத பிள்ளையாம். இப்போது எதிர்த்துப் பேசுகிறாளாம். பாத்திரங்களை ஓசையெழ வைக்கிறாளாம். தங்கை பென்சிலைத் தொட்டால் அடித்துவிடுகிறாளாம். காலாண்டுத் தேர்வில் கணக்கில் தோற்றும் போய்விட்டாள். "படிப்பில் நாட்டமில்லாதவளை எட்டாம் வகுப்போடு நிறுத்திவிட்டால் என்ன என்று அவளுடைய அத்தா கேட்கிறார். அவளுக்கு அடக்கமும் பணிவும் வர நான் என்ன ஓதி ஊத வேண்டும்? ஹஜ்ரத் அவர்கள் விளக்க வேண்டும்" என்று கடிதம் முடிகிறது.

விடை எழுத உட்கார்ந்த நான் கடிதத்தின் மூன்றாம் பக்கத்தை விட்டு நெடுநேரம் நகரவில்லை. அந்தப் பக்கத்தில் அத்தாய் தம் வீட்டின் அன்றாட நடைமுறையை விவரித்திருக்கிறார். குறை கூறும் எண்ணத்தில் எழுதியதன்று, பழக்கத்தில் எழுதியது. அதனை வரிசைப்படுத்தினால் இப்படி வருகிறது. சுபுஹு பாங்கு ஒலித்ததும் மூத்தவள் எழுந்து தொழுகிறாள். குழாயில் தண்ணீர் வரும் நாளென்றால் குடங்களை நிரப்புகிறாள். தங்கையை எழுப்பி முகம் கழுவித் தலைவாரி இரட்டைச் சடை பின்னுகிறாள். ஆறரை மணிக்குத் தம்பி தங்கையை அழைத்துக்கொண்டு மக்தபுக்கு ஓதச் செல்கிறாள். திரும்பி வந்து மூவருக்கும் டிபன் பாக்ஸில் சோறு வைத்துத் தண்ணீர் பாட்டில்களை நிரப்புகிறாள். பள்ளிக்கூடம் விட்டு நாலரை மணிக்கு வந்ததும் பால் வாங்கக் கடைக்குப் போகிறாள். கொடியில் உலர்ந்த துணிகளை எடுத்து மடிக்கிறாள். அஸர் தொழுதுவிட்டுப் பகல் பாத்திரங்களைத் துலக்குகிறாள். மஃரிபுக்குப் பின் தங்கைக்கு வீட்டுப்பாடம் சொல்லிக் கொடுக்கிறாள். மாவு பிசைந்து சப்பாத்தி தேய்த்துத் தருகிறாள். எல்லோரும் உண்டு முடிக்க எட்டரை மணியாகிவிடுகிறது. அதன் பிறகே தன் புத்தகப் பையைத் திறக்கிறாள். "கால் மணி நேரம்கூட உட்கார்ந்து படிப்பதில்லை, கணக்குப் புத்தகத்தின் மேலேயே தலையைச் சாய்த்துத் தூங்கிவிடுகிறாள்" என்று இந்த இடத்தில்தான் தாயார் வருந்தியிருக்கிறார்.

நான் கூட்டிப் பார்த்தேன். காலையில் ஒன்றேகால் மணி நேரம். மாலையில் மூன்று மணி நேரம். பதினொரு வயதுப் பெண்ணின் தலையில் நாள்தோறும் நாலேகால் மணி நேர வீட்டு வேலை!

அந்த ஒன்பது வயதுத் தம்பி கடிதத்தில் இரண்டே இடங்களில் வருகிறான். வெள்ளிக்கிழமை காலையில் கறிக்கடைக்குப் போய் வருகிறான் என்பது ஒன்று. "அவன் கணக்கில் சற்று மந்தம். ஆகவே மாலையில் ட்யூஷன் வைத்திருக்கிறோம்" என்பது மற்றொன்று. வாசகர்கள் இந்த இடத்தில் சற்று நிற்க வேண்டும். ஒரே வீட்டில் இரண்டு பிள்ளைகளுக்குக் கணக்கு வரவில்லை. மகனுக்கு ட்யூஷன் வைக்கப்படுகிறது. மகளுக்குப் படிப்பை நிறுத்தும் யோசனை நடைபெறுகிறது. இதில் அந்தத் தாய்க்கோ தந்தைக்கோ தீய எண்ணம் கடுகளவும் இல்லை. மகளை அவர்கள் உயிராக நேசிப்பதைக் கடிதத்தின் வரிதோறும் காண்கிறேன். இருந்தும் இது நடக்கிறது என்பதனால்தான் ஒரு வீட்டுச் செய்தியைப் பொதுவில் எழுதத் துணிந்தேன்.

மக்தபில் வருகைப் பதிவேடு வைத்திருப்பவர்களுக்கு இது புதுச் செய்தியாக இராது. ஐந்து வயதில் ஓத வரும் பெண்பிள்ளைகள் பத்து வயதுவரை ஆண்பிள்ளைகளை முந்துவார்கள். சூராக்களை மனனம் செய்வதிலும் சரி, எழுத்துத் திருத்தத்திலும் சரி. அதன் பின் பெயருக்கு நேரே இடைவெளிகள் விழத் தொடங்கும். முதலில் தாமதமாக வருவார்கள். பிறகு இடுப்பில் ஒரு தம்பியையோ தங்கையையோ சுமந்து வருவார்கள். பிறகு தங்கை மட்டும் வருவாள். "அக்கா எங்கே?" என்றால், "அம்மாவுக்கு ஒத்தாசையா இருக்கா ஹஜ்ரத்" என்று விடை வரும். இப்படி நின்றுபோகும் பெண்களில் பெரும்பாலோர் வீட்டுக்கு மூத்தவர்கள். இரண்டாமவளும் மூன்றாமவளும் தொடர்ந்து வருகிறார்கள். அவர்களுக்குச் சடை பின்ன அக்கா இருக்கிறாள் அல்லவா!

எங்கள் திருவண்ணாமலையில் இதற்கு ஒரு தனிக் கணக்கும் உண்டு. மாதந்தோறும் பௌர்ணமியன்று மலையைச் சுற்றிப் பதினான்கு கிலோமீட்டர் நடக்க இலட்சக்கணக்கில் மக்கள் வந்து சேர்வார்கள். பேருந்துகள் ஊருக்கு வெளியே தற்காலிக நிலையங்களில் நின்றுவிடும். கடைத்தெருவுக்கு அன்றிரவு உறக்கமில்லை. பழ வண்டி, தேநீர்க் கடை, ஆட்டோ, பிளாஸ்டிக் சாமான் வியாபாரம் என்று நம்மவர் பலருக்கும் அந்த ஓர் இரவின் வருமானம் மாதச் செலவில் பெரும்பகுதியைத் தாங்குகிறது. கோயிலுக்கு வருகிறவர்கள் வேற்று மார்க்கத்தார். அவர்கள் வருகையால் நம் வீட்டு அடுப்பும் எரிகிறது. அல்ஹம்துலில்லாஹ், இந்த ஊரின் நல்லிணக்கத்துக்கு இதுவும் ஒரு காரணம். ஆனால் பௌர்ணமிக்கு மறுநாள் என் பதிவேட்டைப் பார்த்தால் மூத்த பெண்பிள்ளைகளின் பெயர்களுக்கு நேரே வரிசையாக வெற்றிடம் இருக்கும். இரவெல்லாம் கடையில் நின்ற அத்தா உறங்குகிறார். உடன் நின்ற அம்மாவும் உறங்குகிறார். சிறிய பிள்ளைகளை மூத்தவள் பார்த்துக் கொள்கிறாள். கார்த்திகை தீபம் வந்தாலோ இது ஒரு நாளோடு நிற்பதில்லை. அரையாண்டுத் தேர்வும் அதையொட்டியே வந்து நிற்கும். உங்கள் ஊரில் அது சந்தை நாளாக இருக்கலாம். அறுவடைக் காலமாக இருக்கலாம். ரமளானில் ஸஹர் நேரச் சமையலாக இருக்கலாம்.

இது ஏதோ நம் சமுதாயத்துக்கு மட்டும் உரிய குறை என்று எவரும் தலைகுனிய வேண்டாம். தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019ஆம் ஆண்டில் நாடு முழுவதும் மக்கள் தம் நேரத்தை எவ்வாறு செலவிடுகிறார்கள் என்று கணக்கெடுத்தது. ஆறு வயது முதல் கணக்கில் சேர்த்தார்கள். ஒரு நாளில் ஊதியமில்லாத வீட்டு வேலையில் கை வைத்த பெண்கள் நூற்றுக்கு 81.2 பேர், ஆண்கள் 26.1 பேர். வேலை செய்தவர்களை மட்டும் எடுத்துக்கொண்டாலும் பெண் ஒருவர் சராசரியாக 299 நிமிடங்கள் உழைத்திருக்கிறார். ஆண் ஒருவர் 97 நிமிடங்கள். 2016ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகளின் குழந்தைகள் நிதியமான யுனிசெஃப் வெளியிட்ட அறிக்கை, உலகெங்கும் ஐந்து முதல் பதினான்கு வயதுவரையுள்ள பெண்பிள்ளைகள் அதே வயது ஆண்பிள்ளைகளைக் காட்டிலும் நூற்றுக்கு நாற்பது பங்கு அதிக நேரத்தை வீட்டு வேலையில் கழிப்பதாகச் சொன்னது. ஆக, நோய் பொது நோய்தான். ஆனால் மருந்து நம் கையில் இருக்கும்போது பொது நோய் என்று சொல்லிவிட்டுச் சும்மா இருப்பது அழகாகுமா?

"பெண்பிள்ளை வீட்டு வேலை கற்றுக்கொள்ள வேண்டாமா? நாளை போகும் இடத்தில் யாரைக் குறை சொல்வார்கள்?" என்று நன்னிமார் கேட்பது என் காதில் விழுகிறது. கற்றுக்கொள்ளத்தான் வேண்டும். சோறு வடிக்கத் தெரியாதவளாக வளர்க்கும்படி நான் சொல்லவில்லை. ஆனால் கற்பது வேறு, சுமப்பது வேறு. சப்பாத்தி தேய்க்க ஒரு வாரத்தில் கற்றுக்கொள்ளலாம். அதற்காக ஐந்தாண்டுகள் நாள்தோறும் தேய்க்க வேண்டியதில்லை.

இன்னொன்றையும் சிந்தித்துப் பாருங்கள். பெருமானார் (ஸல்) அவர்களின் இல்லத்தில் சின்னச் சின்னப் பணிகளுக்கு ஓடியாடிய பிள்ளை யார்? அனஸ் (ரலி) அவர்கள். ஏறத்தாழப் பத்து வயதுச் சிறுவராக வந்து பத்தாண்டுகள் பணிவிடை செய்தவர். ஆண்பிள்ளை! அந்தப் பத்தாண்டுகளில் தம்மைப் பெருமானார் (ஸல்) அவர்கள் ஒருமுறையேனும் சலிப்புடன் கடிந்ததில்லை; இதை ஏன் செய்தாய், அதை ஏன் செய்யவில்லை என்று கேட்டதுமில்லை என்று பிற்காலத்தில் அவரே நினைவுகூர்ந்திருக்கிறார். வீட்டில் இருக்கும்போது நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் என்ன செய்வார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்களிடம் வினவப்பட்டது. குடும்பத்தாரின் வேலைகளில் ஈடுபட்டிருப்பார்கள், தொழுகை நேரம் வந்ததும் புறப்பட்டுவிடுவார்கள் என்று அன்னையார் விடையளித்ததை புகாரியில் காண்கிறோம். வீட்டு வேலை பெண்ணுக்கே உரியது என்னும் பாடத்தை நாம் வேறு எங்கோ கற்றுவிட்டு, அதற்கு மார்க்கத்தின் பெயரைச் சூட்டியிருக்கிறோம்.

அன்னை ஃபாத்திமா (ரலி) அவர்கள் திரிகை சுற்றிச் சுற்றிக் கை காய்த்துப்போன வரலாற்றைப் பயான்களில் அடிக்கடி கேட்டிருப்பீர்கள். பணியாள் ஒருவர் வேண்டுமெனத் தந்தையாரிடம் கேட்கச் சென்றார்கள். தந்தையாரோ உறங்கப் போகும் முன் ஓதுவதற்குத் தஸ்பீஹைக் கற்றுக் கொடுத்தார்கள். இந்த வரலாற்றைச் சொல்லி, ஆகவே பெண்கள் முணுமுணுக்காமல் உழைக்க வேண்டுமென்று முடிப்பவர்கள் உண்டு. அந்த வரலாற்றின் நடுப்பகுதியை ஏனோ அவசரமாகக் கடந்துவிடுகிறார்கள். மகளார் சென்ற நேரத்தில் பெருமானார் (ஸல்) அவர்கள் வீட்டில் இல்லை. மகளார் வந்து போன செய்தி பின்னர்தான் எட்டியது. உடனே அன்றிரவே தாமே மகளாரின் இல்லத்துக்கு வந்தார்கள். எழ முயன்ற மகளாரையும் மருமகனாரையும் அப்படியே இருக்கச் சொல்லிவிட்டு இருவருக்கும் நடுவில் அமர்ந்தார்கள். அவர்களுடைய பாதங்களின் குளிர்ச்சியைத் தம்மால் உணர முடிந்தது என்று அலீ (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். ஒரு சமுதாயத்தின் முழுப் பாரத்தையும் சுமந்த தந்தை, மகளின் கை வலியைக் கேட்க இரவில் நடந்து வந்திருக்கிறார்கள். நம்மில் எத்தனை தகப்பன்மார் மகளின் கையைத் திருப்பிப் பார்த்திருக்கிறோம்? அதே மகளார் வீட்டுக்கு வந்தால் எழுந்து சென்று கரம் பற்றி முத்தமிட்டுத் தம் இடத்தில் அமர்த்துவார்கள் என்றும் படிக்கிறோம். இன்று மகள் பள்ளியிலிருந்து வந்தால் கைப்பேசியிலிருந்து தலைகூட நிமிர்வதில்லை.

நுஃமான் பின் பஷீர் (ரலி) அவர்களுக்கு அவருடைய தந்தையார் ஓர் அன்பளிப்பு வழங்கிவிட்டு, அதற்குப் பெருமானார் (ஸல்) அவர்களைச் சாட்சியாக்க வந்த செய்தி பலருக்கும் தெரியும். மற்றப் பிள்ளைகளுக்கும் இதுபோல் கொடுத்தீரா என்று கேட்டார்கள். இல்லை என்றதும் சாட்சியாக மறுத்து, பிள்ளைகளிடையே நீதியாக நடக்கும்படி பணித்தார்கள். இந்த நபிமொழியைச் சொத்துப் பங்கீட்டின்போது மட்டும் எடுத்துப் பேசுகிறோம். நம் ஏழை வீடுகளில் பங்கிடச் சொத்து ஏது? இருக்கும் சொத்து நேரம்தான். மாலையில் இரண்டு மணி நேரத்தை மகனுக்கு வழங்கி, மகளுக்கு வழங்காமல் விட்டால், அதற்கு யாரைச் சாட்சிக்கு அழைப்பது?

ஒரு மூத்த மகளுக்கு நேரம் கிடைத்தால் என்ன நிகழும் என்பதற்குத் தொலைவில் தேட வேண்டியதில்லை. நம் மாநிலத்தின் ஆளுநராக 1997 முதல் 2001 வரை விளங்கிய ஃபாத்திமா பீவி அவர்களை நடுத்தர வயதுடைய வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். கேரளத்துப் பத்தனம்திட்டையில் 1927ஆம் ஆண்டு பிறந்தவர். எட்டுப் பிள்ளைகளில் மூத்தவர். எட்டுப் பிள்ளைகள் உள்ள வீட்டில் மூத்த பெண்ணின் கைக்கு எவ்வளவு வேலை காத்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. அவருடைய தந்தையார் மீரா சாஹிப் செல்வந்தர் அல்லர். அரசு அலுவலில் இருந்த சாதாரண மனிதர். அவர் மகளைத் திருவனந்தபுரம் அனுப்பி அறிவியல் பட்டம் பெறச் செய்தார். மகள் மேலும் வேதியியல் படிக்க விரும்பியபோது, பெண் நீதிபதியாக உயர்ந்த அன்னா சாண்டி அவர்களைச் சுட்டிக்காட்டிச் சட்டம் படிக்குமாறு ஊக்கினார். மகள் 1950ஆம் ஆண்டு வழக்கறிஞராகப் பதிவு செய்தார். 1958இல் முன்சீப் ஆனார். 1983இல் உயர் நீதிமன்ற நீதிபதியானார். 1989ஆம் ஆண்டு அக்டோபரில் இந்திய உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதியாக அமர்ந்தார். 2023 நவம்பரில் தமது தொண்ணூற்றாறாம் வயதில் இறையடி சேர்ந்தார். இன்னாலில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். எந்தப் பெண்ணும் அமராத ஓர் ஆசனத்தில் முதன்முதலாக அமர்ந்தவர் முக்காடிட்ட ஒரு முஸ்லிம் வீட்டின் மூத்த மகள் என்பதை நம் பிள்ளைகளுக்கு நாம் சொல்வதே இல்லை.

மறுபக்கமும் உண்டு. திருச்சி மாவட்டம் துவரங்குறிச்சியில் பிறந்த கவிஞர் சல்மா அவர்களின் பள்ளிப் படிப்பு பதின்மூன்று வயதளவில் நிறுத்தப்பட்டது. வீட்டுக்குள் இருந்தவாறே, பிறர் அறியாமல் எழுதி, நூல்கள் வெளியிட்டு, பேரூராட்சித் தலைவராகி, 2025ஆம் ஆண்டில் மாநிலங்களவை உறுப்பினராகவும் ஆனார். அவருடைய எழுத்துகள் அனைத்திலும் நமக்கு உடன்பாடு இருக்க வேண்டியதில்லை, எனக்கும் இல்லை. ஆனால் இதைச் சொல்லி, "பார்த்தீர்களா, நின்றாலும் முன்னேறலாம்" என்று ஆறுதல் தேடுவோருக்கு ஒரு வார்த்தை. அந்த வயதில் நின்றுபோன எத்தனை ஆயிரம் பெண்களில் அவர் ஒருவர்? மற்றவர்களின் பெயர் யாருக்குத் தெரியும்? என் பதிவேட்டில் சிலருடைய பெயர்கள் இருக்கின்றன. இப்போது அவர்களுடைய பிள்ளைகள் என்னிடம் ஓதுகிறார்கள்.

கடிதம் எழுதிய சகோதரிக்கு வருகிறேன்.

சகோதரியே, உங்கள் கடிதத்தின் கடைசி ஓரத்தில், மையின் நிறம் மாறி, பிறகு சேர்த்ததுபோல் ஒரு வரி இருக்கிறது. "நானும் வீட்டுக்கு மூத்தவள்தான். ஏழாம் வகுப்போடு நின்றேன்." இந்த வரியை நீங்கள் எதற்காக எழுதினீர்கள் என்று உங்களுக்கே தெரியும். உங்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற நான் இதை எழுதவில்லை. விடியற்காலை முதல் இரவுவரை தையல் இயந்திரத்திலும் அடுப்பங்கரையிலும் மாறி மாறி நிற்கும் உங்களுக்கு மகளின் கையைத் தவிர வேறு கை இல்லை. கை தர வேண்டிய மற்ற இருவர் அந்த வீட்டில் இருக்கிறார்கள் என்பதே என் பேச்சு.

அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் வாயிலுக்கு இரு பெண்மக்களுடன் வந்த ஏழைத் தாயை அறிவீர்கள். அன்னையார் மூன்று பேரீச்சம்பழங்கள் கொடுத்தார்கள் என்று முஸ்லிம் நூலில் உள்ள அறிவிப்பு சொல்கிறது. மகளுக்கு ஒன்றாகக் கொடுத்துவிட்டு மூன்றாவதைத் தாய் தன் வாயருகே கொண்டு சென்றாள். பிள்ளைகள் அதையும் கேட்டார்கள். இரண்டாகப் பிளந்து இருவருக்கும் கொடுத்தாள். அச்செயலுக்காக அவளுக்குச் சுவனம் உறுதியானது என்று நபி (ஸல்) அவர்கள் கூறினார்கள். பங்கிடும்போது மூத்தவளுக்குக் கொஞ்சம், இளையவளுக்குக் கொஞ்சம் என்று அவள் பிரிக்கவில்லை. நீ பெரியவள், விட்டுக்கொடு என்றும் சொல்லவில்லை. நம் வீடுகளில் "நீ பெரியவள்" என்ற சொல்லை ஒரு நாளைக்கு எத்தனை முறை சொல்கிறோம்!

மகளின் கோபத்துக்கு வருவோம். பதினொரு வயது என்பது உடல் மாறத் தொடங்கும் காலம். முன்பு அடங்கியிருந்த பிள்ளை சிடுசிடுப்பதற்குச் சோர்வும் ஒரு காரணமாக இருக்கலாம். 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி நம் மாநிலப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு இரத்தசோகை இருக்கிறது. அவள் கண்ணிமையின் உட்புறம் வெளுத்திருக்கிறதா, படியேறினால் மூச்சு வாங்குகிறதா என்று கவனியுங்கள். அரசு மருத்துவமனையில் இரத்தத்தைச் சோதித்துவிடலாம். பள்ளியில் வாரந்தோறும் தரும் இரும்புச்சத்து மாத்திரையை விழுங்குகிறாளா, ஜன்னல் வழியே எறிகிறாளா என்றும் கேளுங்கள். எறியும் பிள்ளைகள் நிறைய உண்டு. முட்டை ஒன்றுதான் இருக்கிறதென்றால் அது தானாகத் தம்பியின் தட்டுக்குப் போய்விடாமல் பார்த்துக் கொள்ளுங்கள்.

அவளுடைய அத்தாவுக்கும் ஒரு விண்ணப்பம். எட்டாம் வகுப்போடு நிறுத்துவது பற்றி யோசிக்கிறீர்கள். நிறுத்தி வீட்டில் இருத்தினால் கோபம் தணியுமென்று எதிர்பார்க்கிறீர்களா? நாலேகால் மணி நேரம் பத்து மணி நேரமாகும், அவ்வளவே. தமிழக முஸ்லிம்களாகிய நாம் எழுத்தறிவில் பின்தங்கியவர்கள் அல்லர். 2001ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் மாநிலத்தின் எழுத்தறிவு நூற்றுக்கு 73.5 ஆக இருந்தபோது நம்மவரிடையே ஏறத்தாழ 83 ஆக இருந்தது. கையெழுத்துப் போடும் அளவுக்கு நம் பெண்களை வளர்த்துவிட்டோம். அதற்கு மேல் படியேறும்போதுதான் பாவாடை முனையைப் பிடித்து இழுக்கிறோம். உங்கள் மகள் படிப்பது அரசுப் பள்ளி என்று கடிதத்தில் கண்டேன். அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்துக் கல்லூரிக்குச் செல்லும் பெண்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் வழங்கும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கப்பட்டது. எட்டில் நிறுத்தினால் அந்தப் படிக்கட்டின் நடுவிலேயே அவளை இறக்கிவிட்டவர் ஆவீர்கள்.

இனிச் செய்ய வேண்டியது. ஒரு தாளில் ஐந்து பத்திகள் போடுங்கள்: அத்தா, அம்மா, மூத்தவள், தம்பி, தங்கை. ஒரு வாரத்துக்கு யார் எந்த வேலையை எவ்வளவு நேரம் செய்தார்கள் என்று குறித்து வாருங்கள். யாரையும் கடிய வேண்டாம். குறிப்பு மட்டும் போதும். தகப்பனாரின் பத்தியைத் தகப்பனாரே நிரப்பட்டும்.

அடுத்த வாரம் முதல் மஃரிபுக்கும் இஷாவுக்கும் இடைப்பட்ட நேரத்தை, வீட்டுப் பத்திரம் எழுதிக் கொடுப்பதுபோல், மூத்தவளுக்கு எழுதிக் கொடுத்துவிடுங்கள். ஒன்றேகால் மணி நேரம்தான். அந்நேரத்தில் அவளை எவரும் அழைக்கக் கூடாது. விருந்தினர் வந்தாலும் சரி, பால் பொங்கினாலும் சரி. தொலைக்காட்சி மௌனமாக இருக்கட்டும். தம்பிக்கு வைத்த ட்யூஷனுக்கு அவளையும் அனுப்ப இயலுமானால் அனுப்புங்கள். இருவருக்கும் பணம் கட்ட இயலாதென்றால் ஒரு மாதம் அவன், ஒரு மாதம் அவள். மாலைப் பாத்திரங்களைத் தம்பி துலக்கட்டும். முதல் வாரம் தட்டில் சோற்றுப் பருக்கை ஒட்டியிருக்கும். மூத்தவளை அழைத்துத் திரும்பக் கழுவச் சொல்லாதீர்கள், அவனையே சொல்லுங்கள். நன்னி முணுமுணுப்பார். அனஸ் (ரலி) அவர்களின் வரலாற்றை அவருக்குப் படித்துக் காட்டுங்கள். கடைக்குட்டியின் சடை இன்னொரு பெரிய வேலை. அதைக் காலையில் நீங்களே பின்னிவிடலாம். அல்லது அவளுடைய அத்தா பின்னலாம். மகளுக்குத் தகப்பன் சடை பின்னக் கூடாதென்று நான் ஓதிய கிதாபு எதிலும் கண்டதில்லை. கோணலாக வந்தால் வரட்டும். பள்ளிக்கூடத்தில் யாரும் கேட்டால் அத்தா பின்னியது என்று அந்தக் குழந்தை பெருமையோடு சொல்லும்.

என்ன ஓத வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். ஓதுவதை நான் மறுக்கவில்லை. அல்ஃபுர்கான் அத்தியாயத்தின் 74ஆம் வசனத்தில் துணைவரையும் மக்களையும் கண்குளிர்ச்சியாக ஆக்கித் தரும்படி வேண்டும் துஆ இருக்கிறது. அதைத் தொழுகைக்குப் பின் நீங்கள் இருவரும் ஓதி வாருங்கள். மகளின் தலையில் ஊத வேண்டியதில்லை. அவள் தலையில் எண்ணெய் தேய்த்துவிடுங்கள், வெள்ளிக்கிழமைதோறும், அவசரமில்லாமல். அந்நேரத்தில் அவளே பேசுவாள்.

ஒரு மாதம் கழித்து அந்தத் தாளையும் இணைத்து மீண்டும் எழுதுங்கள். கணக்குத் தேர்வின் மதிப்பெண் எனக்கு வேண்டாம்; மஃரிபுக்குப் பின் அவளை எத்தனை முறை அழைத்தீர்கள் என்பதை மட்டும் மறைக்காமல் குறிப்பிடுங்கள். இரத்தச் சோதனையின் முடிவையும் எழுதினால் நல்லது.

பெண்பிள்ளைகள் பள்ளியில் தண்ணீர் குடிக்காமல் இருப்பது பற்றியும், அதற்கான காரணம் பற்றியும் வாணியம்பாடியிலிருந்து இரண்டு கடிதங்கள் வந்திருக்கின்றன. அதனை அடுத்த இதழில் பார்ப்போம், இன்ஷா அல்லாஹ்.